பேத்தியின் வண்டியும் தேசிகரின் வழக்கும்

பேத்திக்கு ஸ்ட்ரோலர் ஒன்று வாங்கலாமா என்று மருமகள் கேட்டதிலிருந்து, ஸ்ரீவைஷ்ணவத்தின் பழைய வழக்கு ஒன்று என் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. கடவுள் உயிரைக் காப்பாற்றுகிறார் என்றால், அதில் உயிரின் பங்கு ஏதாவது உண்டா, இல்லையா? குரங்குக்குட்டி தாயின் வயிற்றை இறுகப் பற்றிக்கொள்கிறது. தாய் மரத்துக்கு மரம் தாவும்போது குட்டி பிடியை விட்டால் போச்சு. பூனைக்குட்டி எதையும் பற்றுவதில்லை. தாய்ப்பூனை பிடரியைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போகிறது. ஸ்ரீவைஷ்ணவத்தின் இரண்டு பிரிவுகளில் வடகலையார் வழி குரங்குக்குட்டியுடையது, தென்கலையார் வழி பூனைக்குட்டியுடையது என்று பிற்காலத்தவர் உவமை சொல்லிப் பிரித்தார்கள். மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்று உபந்நியாசங்களில் கேட்டிருப்பீர்கள்.

இது எங்கோ தூரதேசத்து வாதம் இல்லை. வடகலையாரின் ஆசாரியர் வேதாந்த தேசிகர் 1268-ல் பிறந்த தூப்புல், எங்கள் வாலாஜாபாத்தில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடக்கூடிய காஞ்சிபுரத்தில், விளக்கொளிப் பெருமாள் கோயிலைச் சுற்றி இருக்கிறது. வரதராஜப் பெருமாள் கோயிலில் யார் பாடுவது, எதை முதலில் பாடுவது என்று இரண்டு கலையாரும் வெள்ளைக்காரர் காலத்திலிருந்து கோர்ட் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். நான் இரண்டு கலையிலும் பிறந்தவள் இல்லை. அப்பா அய்யம்பேட்டையில் தறி நெய்தவர். நான் அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆழ்வார்களைப் பாடம் நடத்தப் போய், அவர்களுக்கு உரை எழுதியவர்களைப் படிக்க ஆரம்பித்து, அங்கிருந்து இந்த வழக்குக்கு வந்து சேர்ந்தேன். இப்போது பொழுது விடிந்தால் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரிகிறேன். ஆகையால் தூக்குவதைப் பற்றிப் பேச எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

மருமகளுக்கு ஒரகடத்தில் வேலை. காலையில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டித்தான் வீடு. ஏழு மாதக் குழந்தை என்னிடம். தடுப்பூசிக்கு ஆஸ்பத்திரி, காய்கறிக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம், ரேஷன் கடை, சாயங்காலம் கோயில், அவ்வப்போது காஞ்சிபுரம். எங்கே போனாலும் அவள் என் இடது இடுப்பில். எட்டு கிலோவை எட்டப் போகிறாள். என் முழங்கால் இரண்டும் தேய்ந்தவை. "தூக்கித் தூக்கி உங்க மூட்டு இன்னும் மோசமாயிடும் அத்தை. ஒரு வண்டி வாங்கிடலாம். எது நம்ம ஊருக்குச் சரியா இருக்கும்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்று செல்போனில் படம் படமாகத் தள்ளிக் காட்டினாள்.

தெருவில் விஷயம் தெரிந்ததும், எதிர்வீட்டுப் பெரியம்மா திண்ணையிலிருந்தே கேட்டார்: "இன்னா டீச்சரம்மா, கொழந்தய வண்டில வெச்சித் தள்ளிகினு போறதா? இடுப்பு இன்னாத்துக்கு இருக்குது? பெத்தவளும் பகல்ல கூட இல்ல. நீங்களும் எறக்கி வுட்டுட்டா அது யாரத்தான் புடிச்சிக்கும்?"

அந்தக் கடைசிக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலைக்குப் போகிற பெண்ணைக் குத்துவதற்காகத் தெருவில் கேட்கப்படும் கேள்விதான் அது. மருமகள் காதில் விழுந்திருந்தால் ராத்திரி முழுக்க அழுதிருப்பாள். ஆனாலும் அதற்குள் ஒரு நிஜமான கேள்வி இருக்கிறது. பற்றிக்கொள்ள இடம் இல்லாத குழந்தை காக்கப்பட்ட குழந்தைதானா?

பேத்தி பிறந்த அன்று, என் ஆள்காட்டி விரலை அவள் உள்ளங்கையில் வைத்தேன். ஐந்து விரலும் மூடிக்கொண்டன. மெதுவாக இழுத்தால் விரல் வரவில்லை, அவள் கைதான் கூட வந்தது. 1891-ல் லூயிஸ் ராபின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர், பிறந்து அதிக நாளாகாத குழந்தைகளிடம் ஒரு குச்சியைப் பிடிக்கக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தார். அறுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள். ஏறக்குறைய எல்லாமே பத்து விநாடியாவது தங்கள் உடம்பைத் தாங்களே தாங்கித் தொங்கின. அப்படியென்றால் மனிதக் குழந்தை குரங்குக்குட்டியின் பிடியோடுதான் பூமிக்கு வருகிறது. ஆனால் ஐந்தாறு மாதத்துக்குள் அந்தப் பிடி தானாகப் போய்விடும். போகாவிட்டால் டாக்டர்கள் நரம்பைச் சோதிப்பார்கள். அதன் பிறகு வருவது வேறு பிடி. குழந்தை தானே வேண்டும் என்று கை நீட்டிப் பிடிக்கிற பிடி.

முதல் பிடி இருந்த மாதங்களில் அதனால் அவளுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. பற்றிக்கொள்ள நம் உடம்பில் ரோமம் கிடையாது. கழுத்து நிற்காத குழந்தையை இரண்டு கையாலும் ஏந்தித்தான் எடுத்தோம். அது முழுக்க முழுக்கப் பூனைக்குட்டிக் காலம். இப்போது இடுப்பில் உட்கார வைத்தால், ஒரு முழங்காலை என் வயிற்றிலும் இன்னொன்றை முதுகிலும் அழுத்திக்கொள்கிறாள். ஒரு கை என் ஜாக்கெட்டின் தோள்பட்டையை முறுக்கிப் பிடித்திருக்கும். நான் குனிந்தால் அந்தப் பிடி இறுகுகிறது, நிமிர்ந்தால் தளர்கிறது. என் கை அவள் முதுகைச் சுற்றி இருக்கிறது. அதை எடுத்தால் விழுந்துவிடுவாள். அவள் காலைத் தளரவிட்டாலோ, எடை சட்டென்று கூடிவிடும். தூங்கிப்போன குழந்தை கனக்கும் என்பது தூக்கினவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இடுப்பில் இருக்கும் குழந்தை வடகலையா, தென்கலையா?

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அவள் பற்றுகிறாள், அதில் சந்தேகமே இல்லை. பற்றியதற்காக நான் தூக்கினேனா என்றால், இல்லை. ஒன்றையும் பற்றத் தெரியாத மாதங்களில் தூக்கினோம். ராத்திரியும் பகலும் தூக்கினோம். அந்தத் தூக்கலில் பழகிப் பழகித்தான் அவளுக்கு முழங்காலை அழுத்தத் தெரிந்தது. பக்தியையும் அப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன். யாரோ காப்பாற்ற வேண்டும் என்பதற்காக நாம் கொடுக்கிற விலையாக அதை நினைக்க என்னால் முடியவில்லை. ஏற்கெனவே காக்கப்பட்டுக்கொண்டிருக்கிற உயிருக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வருகிற தெம்பு அது. அதனால் அந்தப் பற்று இல்லாத ஒருவரைக் கடவுள் கீழே போட்டுவிடுவார் என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பூனைக்குட்டி மட்டும் சும்மாவா இருக்கிறது? எங்கள் வீட்டுப் பரணில் பூனை குட்டி போட்டபோது கவனித்திருக்கிறேன். தாய் பிடரியைக் கவ்வியதும் குட்டி உடம்பைத் தளரவிடும். பின்னங்கால் இரண்டையும் வயிற்றோடு சுருட்டிக்கொள்ளும். சத்தம் நின்றுவிடும். உதறிக்கொண்டே இருக்கிற குட்டியைத் தாயால் கொண்டுபோக முடியாது. ஜப்பானின் ரிக்கன் ஆய்வு நிலையத்தில் குமி குரோடாவும் அவருடன் சேர்ந்தவர்களும் 2013-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் அழுகையும் அசைவும் குறைகின்றன, இதயத்துடிப்பும் தணிகிறது. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அந்த அளவுக்கு இல்லை. எலிக்குட்டிகளிடமும் இதே அடக்கத்தைக் கண்டார்கள். 2022-ல் அதே ஆய்வாளர்கள் இன்னொன்றும் பார்த்தார்கள்: அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது அழுகை அடங்கியது, அசைகிற தொட்டிலில் வைத்தபோதும் குறைந்தது, அசையாத கட்டிலில் கிடத்தியபோது குறையவில்லை. எதிர்வீட்டுப் பெரியம்மா இதைக் கேட்டால் ஆச்சரியப்பட மாட்டார். புடவையில் தூளி கட்டி ஆட்டி ஆட்டித்தான் அவர் தன் பிள்ளைகளை வளர்த்தார். உடம்பின் சூட்டோடு அசைவும் குழந்தைக்கு ஒரு ஆறுதல். சக்கரம் அந்த அசைவையாவது கொடுக்கும்.

அந்தக் குட்டி காலைச் சுருட்டிக்கொள்கிறதே, அது குட்டியின் செய்கையா, இல்லையா? இங்கேதான் எனக்கு இரண்டு ஆசாரியர்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கிறார்கள். தென்கலையாரின் பிள்ளை லோகாசாரியர் வழியில், உயிர் தன்னைக் காத்துக்கொள்ள எதுவும் செய்ய வேண்டியதில்லை, காக்க வருகிறவனை விலக்காமல் இருந்தால் போதும். தேசிகர் சரணாகதியை ஐந்து அங்கங்களோடு செய்யச் சொன்னவர். ஆனால் அந்தச் சரணாகதியும் அருளை வாங்கித் தருகிற முழுக் காரணம் ஆகாது, இறைவன் கை நீட்டுவதற்கு ஒரு வியாஜம், ஒரு சாக்கு என்பதுதான் அவர் நிலை. ஒருவர் தள்ளிவிடாதே என்கிறார். இன்னொருவர் ஒரு சாக்காவது கொடு என்கிறார். சுருட்டின அந்தப் பின்னங்கால்களில் இரண்டும் இருக்கின்றன. இதைச் சொன்னால் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் என்னைக் கோபித்துக்கொள்ளலாம். இரண்டு கலைக்கும் 18 பேதங்கள் என்று பட்டியல் காட்டுவார்கள். காட்டட்டும், நானும் படித்திருக்கிறேன். இந்த ஒரு பேதம் மட்டும், குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

அவர்கள் எழுதியதோடு அவர்கள் செய்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 14-ஆம் நூற்றாண்டில் டில்லி சுல்தானின் படை ஸ்ரீரங்கத்துக்கு வந்தபோது நடந்ததைக் குருபரம்பரை நூல்கள் சொல்கின்றன. தள்ளாத வயசில் பிள்ளை லோகாசாரியர் அந்தக் கோயிலின் உற்சவரான நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தெற்கே போனார். மதுரைப் பக்கம் ஜோதிஷ்குடியில் அவர் உயிர் பிரிந்தது. தேசிகரிடம் சுதர்சன சூரி தம்முடைய சுருதப்பிரகாசிகைச் சுவடியையும், தம் இரண்டு சிறு பிள்ளைகளையும் ஒப்படைத்தார். பிணங்களுக்கு நடுவில் பிணம் போலக் கிடந்து தப்பி, பிள்ளைகளையும் சுவடியையும் தேசிகர் மைசூர்ப் பக்கம் சத்தியாகாலத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். தூக்குவது அவன் வேலை, நமக்கு அதில் ஒன்றும் இல்லை என்று சொன்னவர், அவனையே தூக்கிக்கொண்டு காடு கடந்தார். உயிரும் கொஞ்சம் பற்ற வேண்டும் என்று சொன்னவர், தங்களைக் காத்துக்கொள்ள வகை தெரியாத இரண்டு பிள்ளைகளைச் சுமந்தார். எந்தப் பிள்ளையிடமும் அவர் முதலில் அங்கம் கேட்கவில்லை.

எங்கள் வரதரும் தூக்கப்படுகிறவர்தான். பொங்கலன்று ராத்திரி காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு, முத்தியால்பேட்டை, அய்யம்பேட்டை, வாலாஜாபாத் என்று ஊர் ஊராக நின்று, மாட்டுப் பொங்கலன்று பழையசீவரம் மலை ஏறுகிறார். பார்வேட்டை என்று பெயர். அப்பா அன்றைக்குத் தறியைத் தொட மாட்டார். ஸ்ரீபாதம்தாங்கிகள் தோள் மாற்றும்போது பெருமாள் ஒரு கணம் அசைந்து நிமிர்வதைக் காட்டி, "பாரு, அவங்க மூச்சுக்குத் தக்கன அவரு மூச்சு விடுறாரு" என்பார். பிறகு பாலாற்றைக் கடந்து திருமுக்கூடல். அந்தத் திருமுக்கூடல் கோயிலில், 11-ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 15 படுக்கைகள் உள்ள ஆதுலர்சாலை ஒன்றைப் பற்றியது. மருத்துவர், சத்திரசிகிச்சை செய்பவர், மூலிகை கொண்டுவருகிறவர்கள், நோயாளியைக் கவனிக்கும் பெண்கள் என்று ஒவ்வொருவருக்கும் இன்ன கூலி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆள் வைத்து, படி அளந்து, கட்டில் போட்டுச் செய்த கவனிப்பைக் கோயில் சுவரில் வெட்டும் அளவுக்குப் புண்ணியமாகக் கருதினார்கள். ஒரு பெண் வேலைக்குப் போய்ச் சம்பாதித்த பணத்தில் குழந்தைக்கு வண்டி வாங்குவதை மட்டும் நாம் ஏன் அன்புக் குறைவாகப் பேச வேண்டும்?

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். வரதர் எப்போதும் தோளில் மட்டுமே வருகிறவர் இல்லை. வைகாசிப் பிரம்மோற்சவத்தில் தேரில் வருகிறார். தேரில் வந்த நாளில் அவருக்கு மரியாதை குறைந்தது என்று ஒரு பாட்டியும் சொன்னதில்லை. தேர் நாளில் நான் பார்ப்பது பெருமாளை மட்டும் இல்லை. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவரையும்தான். வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர் இழுப்பார்கள், கத்துவார்கள். அவர் மட்டும் குனிந்தபடி, சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், பின்னோக்கி நடந்துகொண்டே கட்டையைச் சரியான இடத்தில் செருகுவார். சக்கரம் எடையைத்தான் வாங்கிக்கொள்ளும். கவனத்தை அது வாங்கிக்கொள்ளாது.

அதனால் வண்டி வாங்குவது என்று முடிவு செய்தோம். எந்த வண்டி என்பதில்தான் நானும் மருமகளும் வெகு நேரம் பேசினோம். இங்கிலாந்தில் 1733-ல் டெவன்ஷர் பிரபு வீட்டுப் பிள்ளைகளுக்காக வில்லியம் கென்ட் செய்த வண்டியை ஆடோ மட்டக்குதிரையோ இழுத்தது. ஓவன் மெக்லாரன், ஸ்பிட்ஃபயர் விமானத்தின் சக்கரக் கால்களில் வேலை செய்த பொறியாளர், 1965-ல் அலுமினியக் குழாயில் குடைபோல் மடிகிற வண்டியை வடிவமைத்தார். எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. நகரத்து அம்மாக்கள் குழந்தையோடும் வண்டியோடும் சுலபமாகப் பஸ்ஸும் ரயிலும் ஏற முடிந்தது அதற்குப் பிறகுதான். மருமகள் முதலில் விரும்பியதும் அந்த ஜாதிதான். நான் வேண்டாம் என்றேன். அதன் குட்டிச் சக்கரம் மால் தரைக்குச் சரி. எங்கள் தெருவில் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி மூடின இடத்தில் புதைந்து நின்றுவிடும். பெரிய சக்கரம், அதில் ஸ்பிரிங், காலால் மிதிக்கிற பிரேக், தோள் இரண்டு, இடுப்பு இரண்டு, கால் நடுவில் ஒன்று என்று ஐந்து முனையில் மாட்டுகிற பெல்ட்: இவை இல்லாமல் முடியாது என்றேன். மடக்குகிற மூட்டில் உறை இருக்க வேண்டும் என்றும் சொன்னேன். 2009-ல் அமெரிக்காவில் அந்த மூட்டில் குழந்தைகளின் விரல் நுனி துண்டானதால் சுமார் பத்து லட்சம் வண்டிகளுக்குத் திரும்பப்பெறும் அறிவிப்பு விட்டார்கள்.

அடுத்தது புகை. இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தில் 2018-ல் சொன்னார்கள்: தரையிலிருந்து ஒரு மீட்டருக்குள்தான் வண்டிப் புகையின் அடர்த்தி அதிகம், தள்ளுவண்டிக் குழந்தை பெரியவர்களைவிட 60 சதவீதம் வரை கூடுதல் மாசைச் சுவாசிக்கலாம். செங்கல்பட்டு ரோட்டில் ஜல்லி லாரி போவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். உட்காரும் இடம் உயரமாக இருக்கிற வண்டியாகப் பார்த்தோம். மெயின் ரோட்டில் வண்டி வேண்டாம், உள்தெரு வழியாகத்தான் என்பதும் முடிவானது. புகைக்கும் வெயிலுக்கும் பயந்து துணியைப் போட்டு மூடக்கூடாது. உள்ளே காற்று நின்று சூடு ஏறிவிடும். காய்கறிப் பையைக் கைப்பிடியில் மாட்டவும் கூடாது, குழந்தையை எடுத்த நிமிஷம் வண்டி பின்னால் சாயும்.

நாங்கள் அதிகம் பேசியது குழந்தை எந்தப் பக்கம் பார்ப்பது என்பதைத்தான். பால்டிமோரைச் சேர்ந்த வில்லியம் ரிச்சர்ட்சன் என்ற கறுப்பின அமெரிக்கர், குழந்தையின் இருக்கையை எந்தப் பக்கமும் திருப்பலாம் என்று 1889-லேயே காப்புரிமை வாங்கினார். 2008-ல் டண்டீ பல்கலைக்கழகத்தின் சுசான் சீடிக் கவனித்துச் சொன்னது, தங்கள் பக்கம் பார்த்து உட்கார்ந்த குழந்தையோடு தாய்மார்கள் இரண்டு மடங்கு பேசுகிறார்கள் என்பது. வெளிப்பக்கம் பார்க்கிற குழந்தைக்கு உலகம் தெரியும், தள்ளுகிறவர் முகம் தெரியாது. நம்மில் பெரும்பாலோர் கடவுளோடு இருக்கும் இருப்பு அதுதான் என்று நான் நம்புகிறேன். வண்டி நகர்வது தெரிகிறது, பின்னால் யார் என்பது தெரியவில்லை. சிலர் யாருமே இல்லை என்கிறார்கள், அவர்கள் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து அப்படித்தான் தோன்றும். அது வளர்ந்தவர்களுக்கு. ஏழு மாதக் குழந்தைக்கு முகம் வேண்டும். அதனால் கைப்பிடியை இரண்டு பக்கமும் மாற்றக்கூடிய வண்டியைத் தேர்ந்தெடுத்தோம். அதன் மேல்கூரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் ஜன்னலும் உண்டு. அவள் வெளிப்பக்கம் திரும்பிய பிறகும், அதை மூடின துணியைத் தூக்கிவிட்டு நான் அவள் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டே தள்ளலாம். விலை கொஞ்சம் கூடுதல். அந்த ஜன்னலுக்காகவே கொடுக்கலாம் என்றேன்.

எதிர்வீட்டுப் பெரியம்மாவிடம் போய்ச் சொன்னேன். பஸ் ஏறும்போது ஒரு கையில் மடித்த வண்டி, மறு இடுப்பில் குழந்தைதான். கோயில் படியிலும் அப்படித்தான். பார்வேட்டைக் கூட்டத்துக்குள் வண்டி வராது, மகன் தோளில் போவாள். பிடித்துக்கொள்ள அவளுக்கு ஆள் குறையாது என்றேன். "அப்ப சரி, வெயில்ல மட்டும் நிக்க வெக்காதீங்க" என்றார்.

கைப்பிடியை மாற்றிக் குழந்தையை எப்போது வெளிப்பக்கம் பார்க்க வைக்கலாம் என்று மருமகள் கேட்கிறாள். பத்தாம் மாதமோ, ஒரு வயசோ, அவளாகக் கழுத்தைத் திருப்பி முன்னால் என்ன என்று எட்டிப் பார்க்க ஆரம்பிக்கட்டும், அப்போது மாற்று என்று சொல்லியிருக்கிறேன். அதை முடிவு செய்கிறவள் குழந்தையா, நாமா என்று மருமகள் விடாமல் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. சின்ன காஞ்சிபுரத்தில் காலட்சேபம் சாதிக்கிற ஒரு பெரியவரிடம் இதை வைத்தேன். தேசிகர் பக்கம் நின்று ஒன்று சொன்னார், உடனே அதற்கு லோகாசாரியர் பக்கத்து மறுப்பையும் அவரே சொன்னார். அடுத்த சனிக்கிழமை குழந்தையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், மேலே பேசலாம் என்றிருக்கிறார்.